நகக் கனம்

மாங்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காமாட்சியைத் தரிசிக்க வருகிறார்கள். நான் வாடகை குறைவு என்று வந்தவன். சுற்றிலும் அக்கினி மூட்டி, ஊசி முனையில் இடது கால் பெருவிரலை ஊன்றி அம்பாள் தவம் செய்த ஊர் இது. ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வந்து வேண்டிக்கொண்டால் காரியம் கைகூடும் என்பது நம்பிக்கை. என் சிநேகிதரின் பிள்ளையும் வேண்டிக்கொண்டான். நாலாவது வாரமே பேரிங் போய்விட்டது.

அவனுக்கு ஊருக்கு வெளியே ஓர் அரிசி ஆலை. நெல் புழுக்க உமியில் எரியும் பாய்லர். அதன் புகையை இழுத்துப் புகைபோக்கியில் தள்ள ஆள் உயர விசிறி. விசிறிச் சக்கரம் ஷாஃப்டின் நடுவில் இருக்கும். இரண்டு முனைகளையும் இரண்டு பேரிங் தாங்கும். அந்த வருஷம் மட்டும் மூன்று தடவை பேரிங் எரிந்தது. ஒவ்வொரு தடவையும் கிரீஸ் உருகி வழிந்து கிடந்தது. "மேஸ்திரி கிரீஸ் வைக்கிறதில்லை. வயசாச்சு, கண் தெரியலை" என்று பையன் தீர்மானித்துவிட்டான்.

மேஸ்திரியை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இளமையைக் கழித்த மனிதர். வெடுக்கென்று பேசத் தெரியாது. "நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க சார்" என்று கணக்குத் தீர்த்த பணத்தை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தான் பையன். ஒரு வார்த்தை ஆட்சேபம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அவருடைய கண்மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

நான் போனபோது மேஸ்திரி செத்துப்போன பேரிங்குகளைக் கந்தல் துணியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் உருளைகள் இரண்டு வரிசை. "பாருங்கய்யா, ஒரு வரிசை புதுசு மாதிரி இருக்கு. இன்னொண்ணு தேஞ்சு பொரிஞ்சு போயிருக்கு. ரெண்டு முனையிலேயும் வெளிப்பக்க வரிசைதான் போகுது. கிரீஸ் இல்லேன்னா ரெண்டு வரிசையும்ல போகணும்?"

அப்புறம் அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். எஃகு சூட்டில் நீளும். ஒரு மீட்டர் ஷாஃப்ட் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். புகையின் சூடு ஷாஃப்டுக்கு ஏறுகிறது. பேரிங் உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் மேடை அவ்வளவாகச் சூடாவதில்லை. ஆகவே ஒரு பேரிங்கை, வழக்கமாக மோட்டார் பக்கத்தில் இருப்பதை, அதன் கூட்டுக்குள் அசையாமல் நிறுத்தவேண்டும். மற்றதற்கு இருபுறமும் கொஞ்சம் இடம் விடவேண்டும். இரண்டையும் கட்டிப்போட்டால் ஷாஃப்ட் நீள வழியில்லாமல் இரண்டு பேரிங்கையும் வெளிப்பக்கமாக நெட்டித் தள்ளும். அந்த நெரிசலில் வரும் சூட்டில்தான் கிரீஸ் உருகி ஓடுகிறது.

1907-ல் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து நெசவாலை என்ஜினீயர் ஸ்வென் விங்க்விஸ்ட் இதற்கு உறவான ஒரு தொல்லையோடு மல்லாடினார். களிமண் பூமியில் கட்டடம் அசைய, ஷாஃப்டுகள் கோணலாகி பேரிங்குகள் நொறுங்கின. கோணலுக்கு ஏற்பத் தானே சாய்ந்துகொடுக்கும் பேரிங்கை அவர் கண்டுபிடித்தார்; எஸ்.கே.எஃப். கம்பெனி அதில் பிறந்தது. அந்த வம்சத்துப் பேரிங்தான் இங்கேயும். சாய்வைப் பொறுத்துக்கொள்ளும், நீள இடமில்லாததை அதுவும் பொறுக்காது.

மேஸ்திரி மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தபோது, "பேரிங் நகருகிறதே, இறுக்குங்கள்" என்று பையன் வெளியாளைக் கொண்டு இரண்டு கூட்டிலும் வளையம் போடச் செய்திருக்கிறான். மேஸ்திரிக்கு அதை யாரும் சொல்லவில்லை. மூன்று தடவையும் இரவு ஷிப்டு ஆட்கள் அவசரமாகப் பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, பழையதை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று அவரே கூட்டைத் திறந்தார். மோட்டாருக்கு எதிர்ப்பக்கத்துக் கூட்டிலிருந்து இரண்டு வளையங்களையும் உருவினார். பேரிங்கைக் கூட்டின் நடுவில் அமர்த்தி, நீளும் திசையில் இடம் இருக்கிறதா என்று அளந்தார். மூடிவிட்டு, கூட்டின் விளிம்பை ஒட்டி ஷாஃப்டில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். பாய்லர் சூடேறி இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு விசிறியை நிறுத்தச் சொன்னார். கோடு ஒரு நகக் கனம் வெளியே வந்திருந்தது.

பையன் குனிந்து பார்த்தான். "ஓ" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை, கணக்கு எழுதும் அறைக்குள் போய்விட்டான்.

மேஸ்திரி வளையங்களைத் துடைத்துச் சுவரில் அம்மன் காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே மாட்டினார். இருவரும் பஸ் நிறுத்தம்வரை பேசாமல் நடந்தோம். பூந்தமல்லி பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டார்:

"பையில வச்சிருக்கீங்களே அந்தக் கவரு, அதை என்னய்யா பண்ணப் போறீங்க?"

என் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. பஸ் வந்து நின்றது. அவர் ஏறிக்கொண்டார். நான் ஆலைக்குத் திரும்பி நடந்தேன்.