மிச்சம் வைத்த பால்

பதினோரு வருடம் விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தேன். பெரும்பாலும் பெங்களூரிலிருந்து கிளம்பும் குட்டிப் பயணங்கள்: சென்னை, கோவை, மதுரை, கொச்சி. வாசலில் நின்று வணக்கம் சொல்லும்போதே எந்தக் குழந்தை அழப்போகிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். குழந்தையின் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். அம்மாவின் பையில் துருத்திக்கொண்டிருக்கும் பால்பாட்டில் போதும். அது காலியாக இருந்தால், இறங்கும்போது கச்சேரி உண்டு.

ஒரு சாயங்காலம், கோவை விமானம். எட்டு மாதக் குழந்தையோடு ஓர் இளம் தம்பதி, கூடவே பாட்டி. கதவு மூடியதும் அந்தப் பெண் பாட்டிலைக் குழந்தையின் வாயில் வைத்தாள். ஏறும்போது பால் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது சரிதான். ஆனால் ஓடுபாதைக்கு எங்களுக்கு முன்னால் ஆறேழு விமானங்கள் வரிசையில் நின்றன. விமானம் எழும்புவதற்குள் பாட்டில் தீர்ந்து குழந்தை தூங்கிவிட்டது. ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கத் தொடங்கியதும் வீறிட்டு எழுந்தது.

பாட்டி என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, கொஞ்சம் வெதுவெதுன்னு தண்ணி கிடைக்குங்களா? ஊட்டி பஸ்ல காது அடைக்குமில்லீங்க, அதேதான் இது." சுருக்குப் பையிலிருந்து ஒரு வெள்ளிச் சங்கை எடுத்தார். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தட்டி, அழுகை சற்றுத் தணியும்வரை காத்திருந்தார். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். ஒவ்வொரு சொட்டுக்கும் தொண்டையில் ஒரு சின்ன அசைவு. பத்துப் பன்னிரண்டு முறை விழுங்கியிருக்கும். அழுகை விசும்பலாகி, விசும்பல் கொட்டாவியானது.

பாட்டி சொன்ன ஊட்டிக் கணக்கு ஏறக்குறைய பொருந்தும். முழு உயரத்தில் பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதுபோல் இருக்கும். குன்னூர் 6,000 அடி, ஊட்டி 7,350 அடி. பெங்களூரு ஏற்கனவே 3,000 அடியில் இருக்கிறது. சென்னை கடல் மட்டத்தில். ஆகவே பெங்களூரில் ஏறும்போது நம் காது ஏறுவது அரை மலைதான். சென்னையில் இறங்கும்போது முழு மலையும் இறங்குகிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் இறக்கம், இங்கே இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது அப்படி இல்லை. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய், விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் படுக்கைவாட்டிலும் இருக்கிறது. தூக்கத்தில் விழுங்குவதும் குறைவு. காதில் பஞ்சு வைப்பதால் அழுத்தம் மாறாது. சளி பிடித்திருந்தால் குழாய் இன்னும் அடைத்துக்கொள்ளும். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. தூங்கவைக்க மருந்து கொடுப்பதை மட்டும் நினைக்கவே வேண்டாம்.

ஆகவே என் பாடம் இதுதான்: பாலை மிச்சம் வையுங்கள். விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்த பிறகு கொஞ்சம். மீதி, இன்ஜின் சத்தம் தணிந்து மூக்கு லேசாகக் கீழே சாயும்போது. ஐம்பது நிமிடப் பயணத்தில், நாங்கள் காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு போகும் நேரம் அது.

பாலைப்போலவே பொறுமையையும் மிச்சம் வைக்க வேண்டும். பெங்களூரில் விமானத்தில் இருப்பது ஐம்பது நிமிடம் என்றால், சில்க் போர்டிலிருந்து ஹெப்பாள் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகலாம். புதுப் பொம்மை, பொரி, செல்போனில் கார்ட்டூன் எல்லாம் ஹெப்பாள் மேம்பாலத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. விமானத்துக்குள் கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை.

குழந்தையோடு வருபவர்களை முதலில் ஏறச் சொல்வார்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மட்டும் மூட்டைகளோடு ஏறட்டும். மற்றவர் குழந்தையை வெளியே நடக்கவிட்டு, கடைசி ஆளாக வரட்டும். 2022 நவம்பரில் திறந்த பெங்களூரு விமான நிலைய இரண்டாம் முனையத்தில் மூங்கில் கூரையும் தொங்கும் செடிகளும் இருக்கின்றன. இருக்கையில் கட்டிப்போட்ட அரை மணி நேரத்தைவிட அவற்றை அண்ணாந்து பார்க்கும் அரை மணி நேரம் லாபம்.

இருக்கை விஷயத்தில் இப்போது ஒரு நிம்மதி. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, ஒரே டிக்கெட்டில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ உத்தரவிட்டது. இரண்டு வயது நிறையாத கைக்குழந்தைக்குப் பொதுவாக மடிதான் இடம். அதற்குத் தனிச் சின்ன பெல்ட் கொடுப்போம்; அம்மாவின் பெல்ட்டோடு வளையமாகக் கோத்துக்கொள்ள வேண்டும். அம்மா பெல்ட்டையே இருவருக்கும் சேர்த்துப் போட்டால், திடீரென்று குலுங்கும்போது அவர் எடை முழுவதும் குழந்தைமேல் விழும். பக்கத்தில் இன்னொரு கைக்குழந்தைக்கு இடம் தரமாட்டோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்: அடுத்தடுத்த மூன்று இருக்கைகளுக்கும் சேர்த்துக் கூடுதலாக இருப்பது ஓர் ஆக்ஸிஜன் முகமூடிதான்.

இவ்வளவும் தெரிந்த நான், என் மகனோடு முதன்முறை மதுரைக்குப் போனேன். ஓடுபாதை வரிசையில் அவன் சிணுங்க ஆரம்பித்தான். பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், கடைசிச் சொட்டு வரை. கையில் பால் இருக்கும்போது அழும் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, நடைபாதையில் நின்று அறிவுரை சொன்ன பதினோரு வருடத்தில் எனக்குத் தெரியவில்லை. மதுரையில் இறங்கும்வரை அவன் கத்தினான். எனக்கு வணக்கம் சொன்ன பணிப்பெண்ணின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு ஒரு பாட்டிலோடு கிளம்பியதில்லை. இரண்டு. ஒன்று அழுகைக்கு, மற்றது காதுக்கு. இரண்டாவதில் பால் பவுடர் மட்டும் இருக்கும், வெந்நீர் தனியாக ஃபிளாஸ்க்கில். அந்தப் பாட்டிலும் ஃபிளாஸ்க்கும் என் கணவர் பையில், என் கைக்கு எட்டாத இடத்தில்.