மரத்தடியில் ஏன் பள்ளம் விழவில்லை?

"செடி எதைச் சாப்பிட்டு வளருது?"

திண்டுக்கல் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் இந்தக் கேள்வியைக் கேட்டால் "உரம் டீச்சர்", "மண்ணு டீச்சர்", "தண்ணி டீச்சர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும், அப்பா வெங்காயத்துக்கு உரம் வைப்பதையும் அம்மா தண்ணீர் பாய்ச்சுவதையும் பார்த்தே வளரும் பிள்ளைகள் அவர்கள். கண்ணால் பார்த்ததைத்தானே சொல்வார்கள்?

இந்த இடத்தில்தான் ஒளிச்சேர்க்கை பாடம் வருகிறது. "சூரிய ஒளியில், பச்சையத்தின் உதவியால், தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கொண்டு உணவு தயாரிக்கும் நிகழ்ச்சி..." என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும். பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் மணி அடித்து வீட்டுக்குப் போனதும் மறுபடியும் உரம்தான் செடியின் சாப்பாடு! பள்ளிக்கூடத்துக்கு ஒரு பதில், தோட்டத்துக்கு ஒரு பதில்.

சின்னப் பிள்ளைகள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1997-ல் வெளிவந்த 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற அமெரிக்க ஆவணப்படத்தில், பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கியவர்களிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் காட்டி, "இந்த எடையெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். படித்தவர்களும் மண், தண்ணீர் என்றுதான் தடுமாறினார்கள். அவர்களும் சின்ன வயதில் ஒளிச்சேர்க்கை படித்தவர்கள்தான்.

அப்படியானால் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? தமிழ்நாட்டில் இதற்கு முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, தாங்களே செய்து படித்தார்கள். 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. திட்டத்தின் பெயர் எதுவானாலும், பிள்ளையின் மனதில் ஏற்கெனவே இருக்கும் பதிலை முதலில் வெளியே எடுக்காவிட்டால் புதுப் பதில் உள்ளே போகாது.

அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். சாலையோரத்துப் புளியமரம் போதும். கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு கேட்கலாம். "இத்தனூண்டு கொட்டை இவ்வளவு பெரிய மரமாச்சே... மண்ணைத் தின்னு வளர்ந்திருந்தா மரத்தடியில கிணறு மாதிரி பள்ளம் விழுந்திருக்கணுமே, ஏன் விழலை?" பிள்ளைகள் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

இதே கேள்விதான் வான் ஹெல்மாண்ட் என்பவருக்கும் வந்தது. இன்றைய பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்தவர். சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 77 கிலோ ஆனது. மண்ணில் குறைந்ததோ சுமார் 57 கிராம்! மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அது பாதிதான் சரி. அவர் இறந்தபின் 1648-ல் இது புத்தகமாக வந்தது. பச்சை இலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதை 1779-ல் இங்கென்ஹவுஸ் காட்டினார். காற்றில் 10,000-ல் 4 பங்கு அளவே இருக்கும் கார்பன் டை ஆக்சைடுதான் இவ்வளவு பெரிய மரமாகிறது என்பது புரிய மனிதர்களுக்கே இத்தனை காலம் ஆகியிருக்கிறது. நான்காம் வகுப்புக்கு ஒரு பீரியட் எப்படிப் போதும்?

"அப்ப உரம் எதுக்கு டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கேட்க வேண்டும். உரம் உப்பு மாதிரி. உப்பில்லாமல் சாப்பாடு இறங்காது, ஆனால் உப்பே சாப்பாடு ஆகிவிடாது. சமையல் நடப்பது இலையில். வேர் தண்ணீர் கொண்டு வருகிறது, இலையின் சின்னத் துளைகள் வழியாகக் காற்று நுழைகிறது, அடுப்பு சூரியன். சோற்று வடிகஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாக மாறும். அந்த மாவுச்சத்தும் எங்கோ ஒரு நெல் வயலில் இலை சமைத்ததுதான். மைதானத்துப் புல்லின் மேல் ஒரு செங்கல்லை வைத்து, பத்து நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தால் வெளிறிப்போன புல் மிச்சத்தைச் சொல்லும்.

இன்னொன்றும் இருக்கிறது. "மரத்து நிழல் விழுந்தா வெள்ளாமை வராது" என்று பிள்ளையின் தாத்தாவே சொல்லியிருப்பார். தாள் பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட்டால் சின்ன வெங்காயம் பருக்காது என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இலை சமைத்ததைத்தான் வெங்காயம் அடியில் சேர்த்து வைக்கிறது. இதை எடுத்துச் சொன்னால், தோட்டத்தில் பார்ப்பதும் புத்தகத்தில் படிப்பதும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குப் புரியும். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. தன் வீட்டு ஆட்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை என்று தெரிகிறதே!

உங்கள் வீட்டுச் சுட்டிகளிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் அவர்களே மண்டையைக் குடைந்துகொள்ளட்டும் :-)