ஒ இல்லாத துணி



உங்கள் வீட்டிலே மிகப் பழைய பொருள் எது? ஒரு குத்துவிளக்கா? ஒரு கறுப்பு வெள்ளைப் படமா? எங்கள் வீட்டில் அது ஒரு துணித்துண்டு. அகலம் ஒரு சாண், நீளம் இரண்டு சாண். என் அம்மம்மா 1947ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடத்துத் தையல் பாடத்தில் அதைத் தைத்தார். அப்போது அவருக்கு வயது 12.

அதில் பூவும் இல்லை, மயிலும் இல்லை. நீல நூலில் அ, ஆ, இ, ஈ என்று எழுத்துகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு எழுத்தும் சின்னச் சின்னப் புள்ளடிகளால் ஆனது என்று தெரியும்.

அந்தக் காலத்தில் பல நாடுகளில் சிறுமிகள் இப்படித்தான் தையல் பழகினார்கள். ஒரே துணியில் தையலும் படிக்கலாம், எழுத்தும் படிக்கலாம், இல்லையா? வளர்ந்த பிறகு வீட்டுத் துணிகளில் பெயரின் முதல் எழுத்தைத் தைத்து அடையாளம் வைக்கவும் இந்தப் பழக்கம் உதவியது. ஆங்கிலத்தில் இதை 'சாம்ப்ளர்' என்பார்கள். நான் 'பழகுதுணி' என்று சொல்லுவேன்.

லண்டனில் 'விக்டோரியா அன்ட் ஆல்பர்ட்' என்ற பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஜேன் பொஸ்டொக் என்பவர் 1598ஆம் ஆண்டு தைத்த பழகுதுணி அங்கே பாதுகாப்பாக உள்ளது. அலிஸ் லீ என்ற குழந்தை 1596இல் பிறந்த செய்தியையும் அவர் அதில் தைத்திருக்கிறார். ஆங்கில எழுத்துகளும் அதில் உண்டு. ஆனால் 'ஜே', 'யூ' என்ற எழுத்துகள் இல்லை. அவர் மறந்துபோகவில்லை. அந்தக் காலத்தில் அவற்றைத் தனி எழுத்துகளாக எண்ணுவதில்லை.

எங்கள் துணியிலும் ஒரு எழுத்து இல்லை. அதற்குக் காரணம் நான்தான்!

கதையைக் கேளுங்கள்.

அம்மம்மா 'ஐ' வரைக்கும் தைத்து முடித்தார். 'ஒ' பாதி வந்தது. அந்த நேரம் அவருடைய அம்மாவுக்குக் கடுமையான வருத்தம் வந்துவிட்டது. வீட்டில் மூன்று சின்னத் தம்பிமார் இருந்தார்கள். யார் சமைப்பது? யார் அவர்களைப் பார்ப்பது? அம்மம்மாவைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். பிறகு அவர் திரும்பிப் போகவே இல்லை. ஊசியைத் துணியில் குத்தினபடியே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். ஊசி துருப்பிடித்து, அந்த இடத்தில் ஒரு மண்ணிறக் கறை வந்துவிட்டது. இன்றைக்கும் அதைப் பார்க்கலாம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில், சண்டை காரணமாக யாழ்ப்பாணத்துச் சனம் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு வெளியேறியது. மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்த கூட்டத்தில் அம்மம்மாவும் ஒருவர். அவருடைய கைப்பையில் காணி உறுதியும், பிறப்புச் சான்றிதழ்களும், இந்தத் துணியும் இருந்தன.

இரண்டு வருடம் கழித்து அவர் லண்டனுக்கு எங்களிடம் வந்தார். எனக்கு அப்போது 10 வயது. நான் தமிழ் பேசுவேன், ஆனால் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. துணியைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. "அம்மம்மாவின் பிறந்தநாளுக்கு நான் மிச்சத்தைத் தைத்துக் கொடுத்தால் என்ன?"

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்தேன். நீல நூல் இல்லை, சிவப்புத்தான் இருந்தது. ஒரு புத்தகத்தைப் பார்த்து, பாதியில் நின்ற எழுத்தை முடித்தேன். மூன்று நாள் ஆனது. விரலிலே எத்தனை ஊசிக்குத்து!

பிறந்தநாள் அன்று துணியைக் கொடுத்தேன். அம்மா பார்த்ததும் திகைத்துவிட்டார். "ஐயோ, என்ன வேலை செய்திருக்கிறாய்! இது எத்தனை வருசத்துத் துணி!"

அதோடு இன்னொரு பிழையும் இருந்தது. நான் தைத்தது 'ஒ' இல்லை, 'ஓ'! கீழே ஒரு சுழியைக் கூடப் போட்டுவிட்டேன். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. உங்களுக்கும் அப்படித் தெரிவதுண்டா?

அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். அம்மம்மா பேசாமல் துணியைக் கையில் வாங்கினார். சிவப்பு நூலை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பிரிக்காதை பிள்ளை" என்று அம்மாவிடம் சொன்னார். "என்ரை படிப்பு இதிலைதான் நிண்டது. இவளின்ரை படிப்பு இதிலை தொடங்கட்டும்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். "இஞ்சை வா. இது ஓ, நீளமாச் சொல்லு. ஓடம். நீ விட்டது ஒ. அது குறுகினது. ஒட்டகம். விளங்குதோ?"

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் அந்தத் துணியோடு இருந்தோம். நூலின் மேலே என் விரலைப் பிடித்து நகர்த்துவார். நான் 'அ' படித்தது கொப்பியில் இல்லை, நீல நூலில். பள்ளிக்கூடத்தை 12 வயதில் விட்டவர்தான் என் முதல் தமிழ் ஆசிரியர்.

இப்போது நான் கணினி மென்பொருள் எழுதுகிறேன். கணினித் திரையிலும் எழுத்துகள் சின்னச் சின்னக் கட்டங்களால்தான் உருவாகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மம்மாவின் புள்ளடிகள் எனக்கு நினைவுக்கு வரும்.

அம்மம்மா இன்று இல்லை. துணி என்னிடம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நூலின் நிறம் மங்கும் என்பதால், இருட்டான அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். போன மாதம் என் மகள் அதை எடுத்துப் பார்த்தாள். "அம்மா, ஒ இல்லையே! நான் தைக்கட்டா?" என்று கேட்டாள்.

நான் கொஞ்சம் யோசித்தேன். "வேண்டாம். இது அம்மம்மாவின் துணி. நீ உனக்கென்று ஒன்று தொடங்கு" என்று சொன்னேன். புதுத் துணியும் நீல நூலும் வாங்கிக் கொடுத்தேன். அவள் முதலில் தைத்த எழுத்து எது தெரியுமா?

'ஒ'!

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு கட்டத் தாளை எடுங்கள். கட்டங்களில் புள்ளடி போட்டு, உங்கள் பெயரின் முதல் எழுத்தை வரையுங்கள். வளைவு வரும் இடத்தில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். பிழை வந்தால் அழிக்க வேண்டாம். பக்கத்திலே இன்னொன்று போடுங்கள்.