தடிமன் குளிசை பறித்த தங்கம்

ஒரு சாதாரண தடிமன் குளிசை ஒரு பிள்ளையின் பல வருட உழைப்பைப் பறித்துக்கொண்டு போகுமா? போனது. 2000ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் அது நடந்தது. அந்தப் பிள்ளையின் பெயர் அன்ட்ரேயா ரடுகான். ருமேனியா நாட்டு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. பதினேழு வயது நிறைவதற்கு அவருக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

நானும் 1983இல் பிறந்தவள்தான். சிட்னிப் போட்டிகள் நடந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. எங்கள் நாட்டின் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் பதக்கம் வென்ற செய்தியோடு, ருமேனியப் பெண் ஒருவரின் தங்கம் பறிக்கப்பட்ட செய்தியும் காதில் விழுந்தது. 'களவாகப் பாவித்திருப்பாள், பிடிபட்டுவிட்டாள்' என்று பக்கத்திலிருந்த ஒரு மாமா சொன்னார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. உலகத்தில் எத்தனை வீடுகளில் அந்த ஒரு வசனத்தோடு அந்தப் பிள்ளையின் கதை முடிந்திருக்கும்! நடந்தது என்ன என்பதைப் பல வருடங்களுக்குப் பின்னரே வாசித்து அறிந்தேன். அதைத்தான் உங்களுடன் பகிர விரும்புகிறேன்.

அன்ட்ரேயா பிறந்தது ருமேனியாவின் கிழக்கே உள்ள பர்லாட் என்ற ஊரில். நான்கு வயதிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட்டார். பின்னர் தேவா என்ற நகரிலுள்ள தேசிய பயிற்சி நிலையத்துக்குச் சென்றார். ருமேனியாவில் இந்த விளையாட்டுக்குத் தனி மரியாதை உண்டு. 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் பதினான்கு வயதான நாடியா கொமனச்சி பத்துக்குப் பத்துப் புள்ளி பெற்று உலகத்தையே வியக்க வைத்தவர் அல்லவா? பத்து என்று காட்டும் வசதிகூட இல்லாத புள்ளிப் பலகையில் 1.00 என்றுதான் அன்று தெரிந்தது. அதன்பின் அந்த நாட்டில் எத்தனையோ சிறுமிகள் நாடியாவைப் போல ஆக வேண்டும் என்ற கனவோடு பெற்றோரைப் பிரிந்து பயிற்சி நிலையங்களில் வளர்ந்தார்கள்.

பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக்கில் நான்கு பிரிவுகள் உண்டு. ஓடிவந்து தாண்டுதல், உயர வேறுபாடுள்ள இரண்டு சட்டங்களில் தொங்கிச் சுழலுதல், சமநிலைச் சட்டத்தில் நின்று வித்தை செய்தல், இசைக்கு ஏற்பத் தரையில் செய்யும் பயிற்சி என்பனவே அவை. சமநிலைச் சட்டத்தின் அகலம் வெறும் 10 சென்ரிமீற்றர். எங்கள் உள்ளங்கை அளவுதான். நிலத்திலிருந்து 125 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும் அந்தச் சட்டத்தின் மேல் குட்டிக்கரணம் அடித்து, மீண்டும் அதே சட்டத்தில் கால் பதிக்க வேண்டும். இந்த நான்கிலும் எடுக்கும் மொத்தப் புள்ளியைக் கொண்டு தீர்மானிப்பதுதான் தனிநபர் சகலதுறைப் பட்டம். அதுவே எல்லாவற்றிலும் பெரியது.

சிட்னியில் ருமேனியப் பெண்கள் அணி முதலில் குழுப் போட்டியில் தங்கம் வென்றது. 1984ஆம் ஆண்டுக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் குழுத் தங்கம் அது. இரண்டு நாள் கழித்து, செப்ரெம்பர் 21ஆம் திகதி, சகலதுறைப் போட்டி. அன்று தாண்டும் சாதனத்தை வைத்தவர்கள் அதை 5 சென்ரிமீற்றர் குறைவான உயரத்தில் வைத்துவிட்டார்கள். பல பிள்ளைகள் தடுமாறி விழுந்தார்கள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதுதான் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. விரும்பியவர்கள் திரும்பத் தாண்டலாம் என்றார்கள். ஆனால் விழுந்து மனம் உடைந்த பிள்ளைகளுக்கு அந்த நாள் திரும்பி வரவில்லை.

அந்தக் குழப்பத்துக்கு மத்தியிலும் அன்ட்ரேயா 38.893 புள்ளிகள் பெற்று முதலிடம் வந்தார். அவரது அணித் தோழிகள் சிமோனா அமனார் இரண்டாமிடம், மரியா ஒலாரு மூன்றாமிடம். மூன்று பதக்கமும் ஒரே நாட்டுக்கு. நாடியாவுக்குப் பிறகு அந்தப் பட்டத்தை வென்ற முதல் ருமேனியப் பெண் அன்ட்ரேயாதான்.

போட்டிக்கு முன்னர் அவருக்குத் தடிமன். அணியின் வைத்தியர் ஒரு குளிசை கொடுத்தார். கடைகளில் சாதாரணமாக வாங்கக்கூடிய குளிசைதான். ஆனால் அதில் சூடோஎபெட்ரின் என்ற மருந்து கலந்திருந்தது. மூக்கடைப்பை நீக்கும் அந்த மருந்து அன்றைய ஒலிம்பிக் தடைப் பட்டியலில் இருந்தது. அன்ட்ரேயாவின் எடை வெறும் 37 கிலோ. பரிசோதனையில் மருந்து தெரிந்தது. தங்கம் பறிக்கப்பட்டது. குளிசை கொடுத்த வைத்தியரையும் போட்டிகளிலிருந்து வெளியேற்றித் தடை விதித்தார்கள்.

ருமேனியத் தரப்பு விளையாட்டு நடுவர் மன்றத்தில் மேன்முறையீடு செய்தது. செப்ரெம்பர் 28ஆம் திகதி தீர்ப்பு வந்தது. சுசந்திகா ஓடிப் பதக்கம் வென்றதும் அதே நாளில்தான். வீராங்கனை தெரிந்து செய்யவில்லை, ஆனாலும் உடலில் மருந்து இருந்தால் பொறுப்பு அவருடையதே, சட்டத்தைத் தளர்த்த முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். பின்னர் சுவிற்சர்லாந்தின் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. குழுத் தங்கமும், தாண்டுதலில் பின்னர் வென்ற வெள்ளியும் அவரிடமே இருந்தன. சகலதுறைத் தங்கம் சிமோனாவுக்குப் போனது. உண்மையான வெற்றியாளர் அன்ட்ரேயாவே என்று சிமோனா வெளிப்படையாகவே சொன்னார்.

இதை வாசித்தபோது எனக்கு என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. 2009இல் என் கணவர் இறந்த பின்னர், அவரது மரணச் சான்றிதழில் பெயரின் ஓர் எழுத்தை யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் இன்னொரு பெயர். கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தபோது, 'இரண்டும் ஒரே ஆள் என்று நீர்தான் நிரூபிக்க வேண்டும்' என்றார்கள். எழுதியவர் யாரோ, அலைந்தவள் நான். இடுப்பில் பிள்ளையோடு பஸ் ஏறி ஏறி இரண்டு வருடத்துக்கு மேல் அலைந்தேன். அதைவிடக் கடினமாக இருந்தது வரிசையில் நின்றவர்களின் பார்வை. ஏதோ பொய்க் கடுதாசி கொண்டுவந்தவள் போலப் பார்த்தார்கள். உங்களில் பலருக்கும் இந்தப் பார்வை பழக்கமானதாக இருக்கும். பொருள் போனால் தேடலாம். பெயரில் விழுந்த அழுக்கைத் துடைப்பது அவ்வளவு இலேசல்ல.

அன்ட்ரேயா அந்த அழுக்கோடு மூலையில் ஒதுங்கிவிடவில்லை. அவருக்குப் போட்டித் தடை விதிக்கப்படவில்லை. அடுத்த வருடமே, 2001இல், பெல்ஜியத்தின் கென்ற் நகரில் நடந்த உலகப் போட்டியில் குழுத் தங்கத்தோடு, சமநிலைச் சட்டத்திலும் தரைப் பயிற்சியிலும் தங்கம் வென்றார். இதைவிட வேறென்ன பதில் வேண்டும்? விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் செய்தித்துறைக்குச் சென்று வர்ணனையாளராகப் பணியாற்றினார். தன் கதையைத் தானே புத்தகமாக எழுதினார். 2017இல் ருமேனிய ஜிம்னாஸ்டிக் சம்மேளனத்தின் தலைவியாகத் தெரிவானார். பதக்கத்தைத் திரும்பப் பெறும் முயற்சியையும் அவர் விடவில்லை. அதைப் பற்றி 2019இல் ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது.

சூடோஎபெட்ரினைத் தடைப் பட்டியலிலிருந்து 2004இல் நீக்கினார்கள். 2010இல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் மட்டும் தடை என்று மீண்டும் சேர்த்தார்கள். சட்டம் இரண்டு முறை மாறியது. பறித்த பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஆனால் எங்கள் சுசந்திகாவின் கதை வேறு மாதிரி முடிந்தது. 200 மீற்றரில் முதலாவதாக வந்த அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸ், தான் ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். அவரது பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஆக, ஒரே ஒலிம்பிக்கில், தெரிந்து மருந்து பாவித்தவர் ஏழு வருடம் தங்கத்தை வைத்திருந்தார். தெரியாமல் குளிசை விழுங்கிய பிள்ளை ஒரு வாரம்கூட வைத்திருக்கவில்லை. சட்டமும் நீதியும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

அப்படியானால் மேன்முறையீடு செய்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் உண்டு. அன்ட்ரேயா மேன்முறையீடு செய்திராவிட்டால், 'ஊக்கமருந்து பாவித்தவர்' என்ற ஒரு வரிதான் வரலாற்றில் மிஞ்சியிருக்கும். இன்று அந்த வழக்கைத் திறந்து பார்ப்பவர் எவரும், அவர் ஏமாற்றவில்லை என்பதையும் அதே தாளில் வாசிக்கிறார். அவர் தோற்றார், ஆனால் உண்மை எழுத்தில் பதிந்தது. என் விடயத்திலும் நான் கொடுத்த சத்தியக் கடதாசியும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும், ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும்தான் இறுதியில் என்னைக் காப்பாற்றின.

ஆகவே சகோதரிகளே, யார் தந்த குளிசையானாலும் அதன் பெயரைக் கேளுங்கள், ஒரு துண்டில் எழுதி வையுங்கள். படித்தவர் தருகிறார், நாம் எப்படிக் கேட்பது என்று கூச வேண்டாம். உங்கள் பெயர் எழுதப்படும் எந்தத் தாளையும் வாங்கிய இடத்திலேயே ஒவ்வோர் எழுத்தாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். கையொப்பமிட்ட கடிதத்தின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்து ஒரு பதில் வந்தால், அதற்கு மேல் யாரிடம் முறையிடலாம் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். கிடைக்கிறதோ இல்லையோ, எங்கள் பக்கத்து உண்மை எழுத்தில் இருக்கட்டும். நாளைக்கு எங்கள் பிள்ளைகள் அதை எடுத்து வாசிப்பார்கள்.