மைத்துனர் வீட்டு வாடகை

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து வாழும் நம்மவர் குடும்பங்களில், கடல் கடந்து சென்ற உறவினர் ஒருவராவது இல்லாத வீடு அரிது. அவர் இங்கே வாங்கிய வீட்டின் சாவி, நம்பிக்கையின் பேரால் நம்மில் ஒருவரிடம் தங்குகிறது. சாவியோடு பொறுப்பும் வருகிறது என்பதை அன்பர்களுக்கு நினைவூட்டவே இதனை எழுதுகிறோம்.

மும்பையில் இரயில்வே குமாஸ்தா சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பம் எங்களுடையது. எங்கள் இல்லத்தரசியின் தமையனார் துபாயில் பணிபுரிகிறார். மாட்டுங்காவில் அவருக்கு ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட சிறு வீடு உண்டு. பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்குப் பத்து நாள், இருபது நாள் என்று அதனை வாடகைக்கு விட அவர் விரும்பினார்.

"பணத்தை உங்கள் கணக்கிலேயே வாங்கி வையுங்கள், மாப்பிள்ளை. இங்கே எனக்கு வருமான வரியே கிடையாது. அங்கே மட்டும் எதற்கு?" என்றார்.

கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். ஆயினும் வீடு இந்திய மண்ணில் நிற்பதால் அதன் வாடகையும் இந்திய வருமானமே. உடையவர் எந்நாட்டில் வாழ்ந்தாலும், தங்குவோர் ஒரு நாள் தங்கினாலும் ஓராண்டு தங்கினாலும் இதில் வேற்றுமையில்லை.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195ஆவது பிரிவுப்படி, வெளிநாட்டில் வாழும் உரிமையாளருக்கு வாடகை தருபவரே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். நூற்றுக்கு 30 ரூபாய் வரி. அதன்மேல் 4 சதவிகிதம் மேல்வரி. ஆக 31 ரூபாய் 20 காசு. தொகை சிறிது என்பதனால் விலக்கு இல்லை. 163ஆவது பிரிவோ, வெளிநாட்டிலிருப்பவர் எவர் வழியாக வருமானம் பெறுகிறாரோ அவரையே பிரதிநிதியாகக் கொண்டு வரி கேட்க இடமளிக்கிறது. 1-4-2026 முதல் நடைமுறைக்குரிய 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவுகளின் எண்கள் மாறினும் நெறி அதுவே.

ஆகவே எங்கள் கணக்கில் பணம் வாங்க இயலாதென்று பணிவோடு சொல்லிவிட்டோம். மைத்துனர் மனம் நொந்தார். இரண்டு மாதம் தொலைபேசி வரவில்லை. தீபாவளியன்றும் இல்லத்தரசி அண்ணனின் குரலுக்குக் காத்திருந்து ஏமாந்தாள். அந்த வருத்தத்தை இருவரும் பொறுத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு பட்டயக் கணக்கரே அவருக்குத் தெளிவுபடுத்தினார். மாதம் 30,000 ரூபாய் வாடகையெனில் ஆண்டுக்கு 3,60,000. பிடித்தம் 1,12,320. வீட்டு வருமானத்திற்குரிய 30 சதவிகிதக் கழிவு போக மிஞ்சுவது 2,52,000. புதிய வரிமுறையில் 2025-26ஆம் நிதியாண்டு முதல் 4 இலட்சம் வரை வரியில்லை. இந்தியாவில் வேறு வருமானம் இல்லையெனில், உரிய காலத்தில் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த தொகை முழுதும் திரும்பும். அஞ்சியது வரிக்கு, வேண்டியதோ கணக்கு மட்டுமே.

வந்து போகும் நோயாளிக் குடும்பங்களிடம் வரிப்பிடித்தம் பேசுவது நடவாத காரியம். எனவே மைத்துனர் வீட்டைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஒரே குடித்தனத்திற்கு விட்டார். அவர்கள் வரியைப் பிடித்து, மீதத்தை அவருடைய என்.ஆர்.ஓ. கணக்கில் செலுத்துகின்றனர். நோயாளியோடு வந்து விசாரிப்போரிடம் "வீடு இல்லை" என்று சொல்லும்போது எங்கள் நெஞ்சு உறுத்தத்தான் செய்கிறது.

உறவினருக்கு உதவுவது நம் கடமை. ஆனால் வாடகை அவர் பெயரிலுள்ள கணக்கிலேயே சேரட்டும். ஒப்பந்தமும் இரசீதும் எழுத்தில் இருக்கட்டும். ஆண்டுதோறும் அவரே கணக்குத் தாக்கல் செய்யட்டும். முகத்துக்கு அஞ்சி இன்று தலையசைத்துவிட்டால், நாளை வரும் ஓலைக்கு விடையளிக்க வேண்டியவர் நாமே. பணத்தால் உறவு முறியாதிருக்க, பணத்தை அதற்குரிய வழியில் செல்லவிடுவதே நன்று.