இரு சரிவுகள்

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கின்றது பெங்களூர். மழைநீரை இரு கூறாக்குவதும் அம்மேடே. மேற்குச் சரிவின் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியிற் கலந்து, ஒகேனக்கல்லைக் கடந்து மேட்டூர் அடைகின்றது. கிழக்குச் சரிவின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் முதலிய ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையிற் சேர்ந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூரருகே கடலை எட்டுகின்றது. அவ்வங்கக் கடலின் நீராவியே ஐப்பசியில் மேகமாகி மீண்டும் இங்கே பொழிகின்றது.

1974 முதல், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரும் இம்மேட்டிற்கு ஏற்றப்படுகின்றது. நாம் பயன்படுத்திக் கழித்த நீர், மழைநீர் சென்ற வழியிலேயே இறங்குகின்றது. கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவது அதனாலன்றோ! பிழைப்பு நாடி மேடேறி வந்த நாம், இங்கு விடும் அழுக்கு நம் உறவினரின் வயலுக்கே செல்லும் என்பதை மறவாதிருப்போமாக.