அரைப்பேர்

என் பெயர் மீனாட்சி. ஆனால் பிறப்புச் சான்றிதழில் நான் மீனாச்சி. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், அப்பா வாயால் சொன்னதை அப்படியே பதிந்துவிட்டார்கள். பாடசாலையில் ஆசிரியை 'ச்'சை 'ட்' ஆக்கினார். அடையாள அட்டையிலும் அதுவே வந்தது.

1977 கலவரத்தோடு எங்கள் குடும்பம் வவுனியாவுக்குப் போனது. 2009இல் கணவரை இழந்தேன். பத்திரங்களும் போயின. நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தபோது, "இது வேறு ஆளுடைய பெயரல்லவா அம்மா?" என்றார்கள். ஓர் எழுத்துக்காக எத்தனை பஸ் ஏறி இறங்கினேன்! சகோதரிகளே, உங்களில் பலருக்கும் இந்த அலைச்சல் தெரியும்.

பதிவைத் தேடி அட்டனுக்குப் போனபோது அத்தையின் லயத்தில் தங்கினேன். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "ஒரு எழுத்து மாறுனதுக்கு ஒனக்கும் அரைப்பேர் போட்டுட்டானுங்களா புள்ள?" தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர்தான்.

மதுரை அம்மன் நினைவாகத்தான் எனக்கு இந்தப் பெயர் என்று எண்ணியிருந்தேன். "அதுவுந்தான். ஆனா எங்கம்மா சொன்னது, பாட்டுப் பாடுன மீனாச்சியம்மாவ" என்றார் அத்தை.

அவர் கோ. நடேசய்யரின் மனைவி. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். துரைக்கும் கங்காணிக்கும் பயந்திருந்த காலம் அது. கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் தெரிந்த மெட்டுகளில் தொழிலாளர் துயரத்தைப் பாடுவார். மேடையேறி ஒரு பெண் பாடுவதே அப்போது புதுமை. 1940இல் அவருடைய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற நூலாகவும் வந்தன. பாட்டி அப்போது கொழுந்தெடுக்கும் சிறுமி. அந்தப் பெயரை மனதில் வைத்திருந்து பேத்திக்கு வைத்திருக்கிறார்.

மீனைப் போன்ற கண்ணுடையவள் என்பது பொருள். மீன் தன் பார்வையாலேயே முட்டைகளைக் குஞ்சாக்கும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். பதுங்கு குழியில் பிள்ளைகளைப் பார்த்தபடி விழித்திருந்த இரவுகளில் எனக்கு அது ஞாபகம் வரும்.

அத்தையின் லயத்தில் இப்போது ஒரு சின்ன மீனாட்சிகூட இல்லை. எண் சாத்திரம் பார்த்து, ஷ, ஜ வருகிற பெயர்களாகத் தேடுகிறார்கள். வைக்கட்டும், எழுத்துப் பிழையில்லாமல் பதிந்தால் சரி.

இரு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்தேன். கையெழுத்து வைக்கும்போது 'ட்'டைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். அத்தை மட்டும் இன்றைக்கும் மீனாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.